நண்டோட நெல்லும் தேரோடத் தென்னையும்

நம் முன்னோர் வழங்கிய முதுமொழிகளுள் ஏட்டில் ஏறியவை சில. ஏறாது வீட்டளவில் நின்றவை பல. முதுசொல்லைத் தொல்காப்பியர் தனியொரு வகையாகவே எண்ணிப் போற்றினார். முன்றுறை அரையனார் பழமொழி நானூற்றில் வெண்பாத்தோறும் ஒரு பழமொழியை வைத்து அமைத்தார். பெர்சிவல் என்னும் ஆங்கிலேயர் 1874ஆம் ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அகர வரிசையில் அச்சிட்டு வெளியிட்டார். இவையெல்லாம் பெருந்தொண்டுகளே. எனினும் அகர வரிசையில் நிறுத்தப்பட்ட பழமொழி தன் ஊரையும் மண்ணையும் இழந்துவிடுகிறது. அதனை யார், யாரிடம், எந்த வேளையில் சொன்னார் என்பதை அச்சுப் புத்தகம் காட்டுவதில்லை. பாட்டி பேத்திக்குச் சொல்லும்போதுதான் அது முழு உருவம் பெறுகிறது.

ஒன்றை மட்டும் எடுத்து ஆராய்வோம். ‘நண்டோட நெல்லு, நரியோடக் கரும்பு, வண்டியோட வாழை, தேரோடத் தென்னை’ என்பது உழவர் வீட்டுச் சொல். சில குடும்பங்களில் ‘நண்டு ஊர, நரி ஊர’ என்று வழங்கும். கேட்பதற்கு விளையாட்டுப் பாட்டுப் போல் இருக்கிறது. ஆனால் இதனுள் இருப்பது நடவு இடைவெளிக் கணக்கு. அளவுகோல் கையில் இல்லாத உழவன், தான் நாள்தோறும் காண்பவற்றையே அளவுகோலாகக் கொண்டான். நெல் முதலுக்கு முதல் வயல் நண்டு புகுந்து ஓடும் அளவு இடம் வேண்டும். இன்று வேளாண் துறையினர் நெல்லுக்குச் சொல்லும் வரிசை இடைவெளி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஒற்றை நாற்று நடவு முறையில் 25 சென்டிமீட்டர். கரும்புக்கு 3 முதல் 5 அடி. நரி தாராளமாக ஓடலாம். வாழைக்கு ஏறக்குறைய 6 அடி. மாட்டு வண்டி செல்லும். தென்னைக்கு 25 அடி. தேர் செல்ல வேண்டுமானால் அவ்வளவேனும் வேண்டுமன்றோ? தென்னையை நெருக்கி நட்டால் மட்டையோடு மட்டை மோதும், நிழல் விழும், மரம் வெளிச்சத்தைத் தேடி நெடிது வளருமேயன்றிக் காய்ப்புக் குன்றும். எழுத்தறியாத உழவன் தன் மகனுக்கு இதனை நான்கு தொடரில் கற்பித்துவிட்டான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்று பாடம் படித்தோம். அதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இத்தகைய மொழிகள் எல்லா ஊர்க்கும் பொதுவானவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதை அறியாதார் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரிப் பருத்தி விதைப்பவர் அதனை அப்படியே பின்பற்றினால் என்னாகும்? அவர்க்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. புரட்டாசி, ஐப்பசியே அவர்க்கு விதைப்புக் காலம். ஆகவே பழமொழியைக் கேட்டவுடன் ‘இது எந்த மண்ணின் சொல்?’ என்று வினவுதல் முறை. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கெனத் தனியே ஒரு வழக்குச் சொல்லகராதி வெளியிட்டதன் அருமை இங்கே புலப்படும்.

பொருள்கள் மறையும்போது மொழியும் மங்குகிறது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பதில் மச்சு என்பது மேல்தளம். அச்சொல் இன்று எத்தனை வீடுகளில் வழங்குகிறது? ஒருமுறை ஆறாம் வகுப்பு மாணவரிடம் அகப்பை என்பது யாது என்று கேட்டேன். நால்வர் விடை கூறினர். ஏனையோர் ‘பை’ என்று முடிவதால் அது ஒருவகைப் பை என்றனர்! கொட்டாங்கச்சியில் காம்பு பொருத்திய கரண்டி என்று விளக்கிய பின்னரே ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பது அவர்க்கு விளங்கிற்று.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இப்பழமொழியைச் ‘சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை வரும்’ என்று மாற்றி, அதுவே மூலப் பொருள் என்று கூறுவார் மலிந்துவிட்டனர். சமையலறையில் பிறந்த நேரிய சொல்லுக்கு இப்படி ஒரு மறைபொருள் எதற்கு? ‘பெண்புத்தி பின்புத்தி’ என்பதற்கும் ‘பின்வருவதை முன்னரே அறியும் புத்தி’ என்று மெழுகுகிறார்கள். அது பெண்டிரை இழிவாகப் பேசிய காலத்தின் சொல். அவ்வாறே குறித்துவைத்து, பிள்ளைகளுக்கு ஒழுக்கமாகக் கற்பிக்காமல் விடுவதே நேர்மை. சாதிகளை இகழும் மொழிகளுக்கும் இதுவே பொருந்தும்.

வட்டாரச் சொல் என்றால் கொச்சை என்று ஒதுக்குவாரும் உளர். தென்பாண்டி நாட்டில் ‘பையப் போ’ என்பர். மெதுவாகச் செல் என்பது பொருள். ‘பையச் சென்றால் வையம் தாங்கும்’ என்னும் பழமொழியிலும் அதுவே நிற்கிறது. இந்தப் ‘பைய’ திருக்குறளில் காமத்துப்பாலில் ஆளப்பட்ட சொல். நகரத்தார் மறந்ததை நாட்டுப்புறத்துக் கிழவி விடாமல் காத்திருக்கிறாள். அவளையோ நாம் பேசத் தெரியாதவள் என்கிறோம்!

இவற்றைத் திரட்டப் பெரும்புலமை வேண்டுவதில்லை. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். வீட்டு முதியவர் ஒன்றைச் சொன்னவுடன் அத்தொடரை எழுதுக. அதன் கீழே சொன்னவர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், சொன்ன வேளை ஆகியவற்றைக் குறிக்க. அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் வினவுக. தாய்வழிச் சொல்லா, தந்தைவழிச் சொல்லா என்பது பல சமயங்களில் அங்கேதான் தெரியவரும். மருமகளாய் வந்தவர் பிறந்த ஊர் மொழியையும் உடன் கொண்டு வந்திருப்பார். அவர் ‘நெல்லு’ என்றால் நெல்லு என்றே எழுதுக. நெல் என்று திருத்தற்க. பொருள் கேட்குமுன், ‘இதை எப்போது சொல்வீர்கள்?’ என்று கேட்பது நலம். பொருள் கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர். வேளை கேட்டாலோ ஒரு கதையே சொல்லத் தொடங்குவர். அக்கதையையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.