மூச்சுவேரில் படிந்த எண்ணெய்

வெள்ளம் வடிந்ததும் வடசென்னையின் திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் முதலில் சாய்வது பப்பாளியும் முருங்கையும்தான். இரண்டு நாள் தண்ணீரில் நின்ற மரம், தண்ணீரே காணாததுபோல் இலை தொங்கி நிற்கும். "வேர் அழுகிடுச்சு" என்பார்கள். அழுகல் பிறகு வருவது. முதலில் நடப்பது மூச்சுத்திணறல். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணிடுக்கில் மிச்சம் இருந்ததை வேரும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். மூச்சு முட்டிய வேருக்குத் தண்ணீரை உறிஞ்சத் தெம்பிருக்காது.

அப்புறம் மண் வேறு கைக்கு மாறுகிறது. ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரேட்டில் கை வைக்கும். செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடும். அடுத்து மாங்கனீசு, இரும்பு, கடைசியாக சல்பேட். பக்கத்து எண்ணூர்க் கழிமுகத்தின் உப்புத்தண்ணீரில் சல்பேட்டுக்கா பஞ்சம்? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் இருக்கிறது. அதிலிருந்து வருவதுதான் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொசஸ்தலை ஆற்றோரச் சேற்றை விரலால் கீறிப் பாருங்கள். மேலே மெல்லிசாகப் பழுப்பு, கீழே கரிக்கறுப்பு. இரும்போடு சல்ஃபைடு சேர்ந்த நிறம் அது. பெரும்பாலான வேர்களுக்குச் சல்ஃபைடு நஞ்சு.

அலையாத்திக் காட்டின் கண்டல் மரம் வாழ்வது அந்தக் கறுப்பில்தான். அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். ஒவ்வொன்றின் தோலிலும் பொடிப்பொடியான துவாரங்கள். கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறியிருக்கும்போது வேர் தன்னுள் இருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கும், உள்ளழுத்தம் குறையும். தண்ணீர் வற்றியதும் காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். அப்படி இறங்கும் ஆக்சிஜனில் கொஞ்சம் நுனிவேர் வழியே சேற்றுக்குள்ளும் கசிகிறது. வேரைச் சுற்றி மயிரிழை அகலத்துக்கு ஒரு நல்ல மண். சல்ஃபைடை முறிக்கும் பாக்டீரியாக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. மரம் அவற்றுக்கு மூச்சு கொடுக்கிறது, அவை மரத்தின் நஞ்சை எடுக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை அது போனது. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் அள்ளினார்கள். படகில், வலையில் ஒட்டியது கண்ணுக்குத் தெரிந்தது. மூச்சுவேரின் துவாரத்தை அடைத்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, கடல்நீரிலேயே உண்டு. ஆனால் வேகமாகத் தின்ன அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். கறுப்புச் சேற்றில் அது கிடையாது. அங்கே ஆக்சிஜனை இறக்கிக்கொண்டிருந்த வேரின் வாயையும் எண்ணெய் அடைத்துவிட்டது. வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவந்து தூவினாலும் இதே கதைதான். 1986-இல் பனாமாவின் கலேட்டா பகுதியில் கண்டல் காட்டுக்குள் கச்சா எண்ணெய் புகுந்தபோது, ஐந்து ஆண்டுகள் கழித்தும் சேற்றிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது.

எண்ணூரில் இன்னொரு சிக்கல். அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் படிந்து கழிமுகம் பல இடங்களில் மேடிட்டுவிட்டது. தண்ணீர் ஏறி வற்றுவது மந்தமானால் மூச்சுவேருக்குக் காற்று வாங்கும் நேரமும் தப்பிப்போகும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இந்த மேடு பள்ளமெல்லாம் அத்துபடி; அவர்களைக் கேட்டுச் சீரமைப்புத் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

இப்படி ஒரு விபத்து நடந்தால் அடுத்து வருவது கண்டல் நடும் விழா. படமும் நன்றாக வரும். ஆனால் இளங்கன்றுக்கு மூச்சுவேர் கிடையாது, அது முளைக்க நாளாகும். அதுவரை தண்டு வழியே இறங்கும் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு அது அந்தச் சேற்றில் பிழைக்க வேண்டும். எங்கே நடுவது என்பதை மேடை போடும் இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு சாண் தோண்டி எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்த இடத்தில் தண்ணீர் தினமும் முழுசாக வற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வற்றாத இடத்தில் முதல் வேலை தூர் வாருவது.