தங்கவயலைச் சூழ்ந்த மலையூர்கள்

கோலார் தங்கவயல் என்றதும் சுரங்கமும் பொன்னும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடிச் சென்ற எண்ணற்ற குடும்பங்களின் உழைப்பால் வளர்ந்த ஊர் அது. பெங்களூரிலும் பம்பாயிலும் தில்லியிலும் வாழும் தமிழருள் பலருக்கு அங்கே ஓர் அத்தையோ சிற்றப்பாவோ இருந்திருப்பார். ஆயினும், உறவினரைக் கண்டு, இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் ஒருமுறை நடந்து, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவதே நம்மவர் வழக்கம். ஊரைச் சுற்றி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர்கள் பல உள்ளன. அவற்றின் வரலாறு தமிழகத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதாகும். இரண்டு நாள் ஓய்வும் ஒரு மோட்டார் வண்டியும் வாய்த்தால் அவ்வூர்களைக் கண்டு வரலாம்.

காலையில் இராபர்ட்சன்பேட்டையை விட்டுப் புறப்பட்டால் முதலில் பேத்தமங்கலத்தை அடைவோம். விசயாதித்த மங்கலம் என்பது இதன் பழம்பெயர். இங்குள்ள பேரேரி பாலாற்றின் நீரைத் தேக்குவது. சுரங்க நகரம் நெடுங்காலம் குடித்தது இந்த நீரையே. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, இவ்வழியே ஓடி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்ப் பக்கங்களை அடைகிறது. அந்த ஊர்களிலிருந்து சுரங்கத்துக்கு வந்தோர், ஆறு இறங்கிவரும் திசைக்கு எதிராக ஏறி வந்தவர்கள் என்று சொல்லலாம். ஏரிக்கரையில் சற்று நின்று இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அங்கிருந்து வடக்கே சென்றால் முளபாகல். ‘கிழக்கு வாயில்’ என்னும் பொருளுடைய கன்னடச் சொல்லே இவ்வாறு மருவிற்று என்பர். மைசூர்ப் பீடபூமியிலிருந்து கிழக்கே இறங்கும் பாதையைக் காக்கும் ஊர் ஆதலின் அப்பெயர் பொருத்தமானதே. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர அரசர் புக்கரின் மைந்தர் குமார கம்பணர் இந்த ஊரிலிருந்தே ஆட்சி செலுத்தினார். காஞ்சியைச் சார்ந்த பகுதியை ஆண்ட சம்புவராயரை அவர் வென்றதும், பின்னர் மதுரை சுல்தானை வீழ்த்தியதும் தமிழக வரலாற்றின் பெருந்திருப்பங்கள். அவருடைய தேவி கங்காதேவி அப்படையெடுப்பை ‘மதுரா விசயம்’ என்னும் வடமொழிக் காவியமாக இயற்றினார். 1768-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருததும் இவ்வூர்ப் பாறைகளுக்கிடையேதான்.

முளபாகலுக்கு அருகில் குருடுமலை உள்ளது. ஒரே கல்லில் வடித்த, ஆளுயரத்தினும் மிகப் பெரிய விநாயகர் இங்கே வீற்றிருக்கிறார். அருகிலுள்ள சோமேசுவரர் கோயிலின் கட்டட அமைப்பில் சோழர் பாணியைக் காணலாம்.

அடுத்துக் காணவேண்டியது ஆவணி. மலையடியில் இராமன், இலக்குவன், பரதன், சத்துருக்கனன் பெயர்களால் வழங்கும் சிவன் கோயில்கள் ஒரே மதிலுக்குள் வரிசையாக நிற்கின்றன. வால்மீகி முனிவர் வாழ்ந்த இடம் என்றும், சீதை மக்களை ஈன்ற இடம் என்றும் ஊர்மக்கள் கூறுவர். இக்கோயில்கள் நுளம்ப மன்னர் காலத்தவை. பத்தாம் நூற்றாண்டில் இங்கே மடத்தலைவராக விளங்கிய துறவி ஒருவர் ஐம்பது கோயில்களையும் இரண்டு பேரேரிகளையும் அமைத்தார் என்று கல்வெட்டொன்று கூறுகிறது. துறவியின் புகழைக் கல்லில் காண்கிறோம். ஏரிக்கு மண் சுமந்தவர் யார், எந்த ஊரார் என்பதைக் கல் கூறவில்லை. இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மாலையில் கோலார் நகரை அடையலாம். இதுவே கங்க மன்னரின் பழைய தலைநகராகிய குவளாலபுரம். சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிச் சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிழைப்புக்காக நாம் அண்மையில் வந்து சேர்ந்த அயலிடம் என்று கருதும் மண்ணில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பது இன்பம் தருவது. அதனால் இம்மண் நமக்கு மட்டும் உரியது என்று பெருமை பேசுதல் பொருந்தாது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து வாழ்ந்த எல்லைநாடு இது என்பதே அக்கல்வெட்டுகள் தரும் பாடம். மறுநாள் காலையில் சதசிருங்க மலையின் படிகளில் ஏறி, பாறையிலிருந்து இடைவிடாது நீர் ஒழுகும் அந்தரகங்கையைக் காணலாம். பின்னர்ப் பங்காருப்பேட்டை வழியாகத் திரும்புகையில், ஐதர் அலி பிறந்த ஊர் எனப்படும் பூதிக்கோட்டையையும் பார்க்கலாம். அவருடைய தந்தையாரின் கல்லறை கோலாரில் உள்ளது.

இனித் தங்கவயலுக்கு வருவோம். 1802-இல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் வாரன், மாரிக்குப்பம், உரிகம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1875-இல் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் பொன் தேடும் உரிமம் பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கங்களை நடத்தினர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, இங்கே மின்சாரம் கொண்டுவந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகைக்கும் மேல். மேலுள்ள பாறையின் அழுத்தம் தாளாது அடிப்பாறை வெடித்துச் சிதறுவதும் உண்டு. அப்போது மேலே வீடுகள் அதிரும். உள்ளே இறங்கியவரின் வீட்டார் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். அரைத்துக் கழித்த மண் மட்டும் வெளிறிய மேடுகளாக ஊரெங்கும் நிற்கிறது. இதனை மக்கள் ‘சயனைடு மேடு’ என்கின்றனர். காற்றில் புழுதி பறக்கும் அம்மேடுகளில் குழந்தைகளை ஏறவிடாதிருத்தல் வேண்டும்.

இந்த மேடுகளில் கல்வெட்டு இல்லை. சென்ற முறை நான் அங்கே சென்றிருந்தபோது, கோலார்க் கோயிலில் படித்தவற்றை ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம் ஆர்வத்துடன் விவரித்தேன். பொறுமையாகக் கேட்ட அவர், “ராசா பேரு கல்லுல இருக்குதுங்க தம்பி. எங்கப்பா பேர எங்க போயிப் பாக்கறது?” என்றார். அவருடைய தந்தை முப்பது ஆண்டுகள் பூமிக்கடியில் உழைத்தவர். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. ஆவணியில் மண் சுமந்தவரைப் பற்றி எழுந்த அதே கேள்விதான் இது. அவர்களைப் பற்றிக் கேட்டறிய இனி வழியில்லை. சுரங்கத் தொழிலாளரைப் பற்றிக் கேட்டறிய இன்னும் சில ஆண்டுகளுக்கு வழியுண்டு.

ஆதலின் தங்கவயலுக்குச் செல்லும் அன்பர்கள் மலையூர்களைக் கண்டு திரும்பிய மாலையில், வீட்டுப் பெரியவர் அருகே ஒரு குறிப்பேட்டுடன் அமர்தல் வேண்டும். எந்தச் சிற்றூரிலிருந்து வந்தார்கள்? எந்த ஆண்டில்? நடந்தா, வண்டியிலா, இரயிலிலா? எந்தச் சுரங்கத்தில், என்ன வேலை? முதல் நாள் கூலி எவ்வளவு? உடன் இறங்கியவர்கள் யார், திரும்பாதவர்கள் யார்? அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி, நாளும் இடமும் குறித்து, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொடுத்து வைக்கலாம். பெரியவர் இருக்கும் வீடாயின், அடுத்த விடுமுறை வரை அதனை ஒத்திவைத்தல் தகாது.