திறப்பு யார் கையில்?

ஒரு பாடசாலையை மூடினால் அடுத்த மாதமே அங்கு குடிவருபவை குரங்குகள். எங்கள் பல்லேபொலப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் சத்தம் கேட்கும்வரை பலாமரத்தோடு நிற்கும். சத்தம் அடங்கியதும் கூரைக்கு இறங்கிவிடும். பூச்சி தேடியோ, சும்மா விளையாட்டுக்கோ ஓட்டைக் கிளப்பிவிட்டுப் போகும். ஒரே ஒரு ஓடு விலகினால் போதும். மழைத்தண்ணீர் சலாகையில் ஊறி, கைமரம் வழியாகச் சுவர்த் தலைக்கு இறங்கும். அங்கே கிடக்கிற வளை உக்கும். உக்கிய மரத்துக்குக் கறையான் தானாக வரும். சில மாரிகள் போனால் கூரையின் ஒரு மூலை தொங்கும்.

அரசாங்கக் கட்டிடங்களை அளப்பதும் மதிப்பீடு போடுவதுமாக இருந்து பென்சன் எடுத்தவன் நான். மூடிய பாடசாலை விழுந்தால் அறிக்கையில் காரணம் 'பழமை' என்று எழுதுவார்கள். எண்பது வருடம் நின்றது, மூடிச் சில வருடத்தில் விழுகிறது, அது பழமையா? ஓடு மாற்ற ஆளில்லாமல் போனதுதான் காரணம். ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டு, வேலை தெரிந்த ஒரு பாஸைக் கூரையில் ஏற்றி, உடைந்த ஓடுகளை மாற்றுவார். அதிபர் போனதோடு அந்த வேலையும் போய்விடுகிறது.

இந்தக் கதை இனி நிறைய நடக்கும். 2013இல் இலங்கையில் பிறந்த பிள்ளைகள் மூன்றரை இலட்சத்துக்கும் மேல். 2023இல் அது இரண்டரை இலட்சத்தைத் தொடவில்லை. அந்தக் குறைந்த பிள்ளைகளிலும் பலரை வேனிலும் முச்சக்கர வண்டியிலும் ஏற்றி நகரப் பாடசாலைக்கு அனுப்புகிறோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் ஊர்ப் பாடசாலை யாரையும் சித்தியடைய வைக்கவில்லை என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னால் போதும். அக்குரம்பொடை வீர கெப்பெட்டிபொல மத்திய கல்லூரி போன்ற பெரிய இடங்களுக்குப் பெயரும் பழைய மாணவர் சங்கமும் உண்டு. பயம் சின்னப் பாடசாலைகளுக்குத்தான்.

அந்தச் சின்னக் கட்டிடங்களின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். எங்கள் வேலையில் அவற்றை 'எண்பதுக்கு இருபது', 'நூறுக்கு இருபது' என்போம், எல்லாம் அடிக்கணக்கு. நீளமான ஒரே மண்டபம், இடையில் சுவர் கிடையாது. மூன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு கரும்பலகை மட்டும். பக்கங்களில் இடுப்பளவு அரைச்சுவர், அதற்குமேல் வெறும் வெளி. கூரையின் தாழ்வாரம் நன்றாக வெளியே இறங்கியிருக்கும். சாரல் உள்ளே வராது, வெயிலும் நேரே விழாது. மின்விசிறி இல்லாத காலத்தில் நாற்பது பிள்ளைகள் மத்தியானம்வரை இருந்து படிக்க வேண்டுமென்று யோசித்துக் கட்டியது. பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியவை. ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு பாளம் பாளமாகக் கழலும். 'திருத்தினோம்' என்று சொல்லிப் பலர் செய்வது இதைத்தான்.

புதிய பயன் தேடும்போது முதலில் இந்த அமைப்பைக் கேட்க வேண்டும். கணினி நிலையம் வேண்டும், குளிரூட்டி வேண்டும் என்றால் அரைச்சுவருக்குமேல் கல் அடுக்கி அடைக்க வேண்டிவரும். கட்டிடம் பெட்டியாகிவிடும். தாய்சேய் கிளினிக், முன்பள்ளி, தையல் வகுப்பு, வாசிப்பு மண்டபம், மாலையில் ஊர்க் கூட்டம் ஆகியவற்றுக்கு ஒரு கல்லையும் அசைக்கத் தேவையில்லை. கிணறும் மலசலகூடமும் முற்றமும் ஏற்கெனவே இருக்கின்றன.

நம் நாட்டிலேயே இப்படிப் புதிய பயன் கண்டதற்கு ஒரு பழைய உதாரணம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது அங்கே போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயம் பாழடைந்து கிடந்தது. சுவர்கள் தடிப்பானவை, அதனால் நின்றன. மிஷனரிமார் அதைத் திருத்தி எடுத்தார்கள், 1823இல் அந்த வளவில் செமினரி தொடங்கியது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் படித்த இடம் அது; சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் அங்கிருந்துதான் போனார்கள். அப்படிப்பட்ட செமினரியையும் 1855இல் மூடினார்கள். 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சுவரும் நிலமும் கைவிட்டுப் போகாததால்தான் இது முடிந்தது.

திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரியின் கதை வேறு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கியது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகியது, பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவர். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது காலியாகக் கிடந்த பாடசாலை அல்ல, ஓடிக்கொண்டிருந்த பாடசாலை. பெரியதொன்று வருவதற்காகச் சிறியது இடம்விட்டது. இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஜப்பானில் இந்தப் பிரச்சினை நமக்கு முன்பே வந்துவிட்டது. முரோட்டோ என்ற கடலோர ஊரில் 2006இல் மூடிய ஓர் ஆரம்பப் பாடசாலையை 2018இல் மீன் காட்சியகமாகத் திறந்தார்கள். மாணவர் நீந்திய 25 மீற்றர் தடாகத்தில் இப்போது கடலாமையும் சுறாவும் சுற்றுகின்றன. மீன்கள் விலைக்கு வாங்கியவை அல்ல, பெரும்பாலும் உள்ளூர் மீனவர் வலையில் அகப்பட்டவை. முதல் வருடமே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்க்க வந்தார்கள். இதைப் படித்துவிட்டு பல்லேபொலையில் மீன்தொட்டி கட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தங்கள் கையில் சும்மா கிடைப்பது எது என்று அந்த ஊர் பார்த்தது, அவ்வளவுதான். இதற்கு மாறாக, எடின்பரோவில் 1829இல் கட்டிய பழைய றோயல் ஹைஸ்கூல் 1968இல் காலியானது. பாராளுமன்றம், ஹோட்டல் என்று பெரிய திட்டங்களே பேசி அரை நூற்றாண்டு போனது.

தமிழ்நாட்டில் 2019இல் மாணவரில்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்குவதாக அறிவித்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூரில் பள்ளி நூலகமானதும் பெற்றோருக்கு உறைத்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சில நாளில் பள்ளி மறுபடி திறந்தது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தது. நூலகம் வந்ததால் கட்டிடத்தில் ஒன்றும் உடையவில்லை, திரும்பிப் போக வழி இருந்தது. ஒரு கடைத்தொகுதி வந்திருந்தால் அது நடந்திருக்குமா?

நம் ஊர்களில் யாராவது 'கிராம அருங்காட்சியகம்' என்றால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நாடா வெட்டி, படம் பிடித்து, பழைய உரலையும் ஏரையும் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். பூட்டிய கட்டிடத்தில் மறுபடி குரங்குதான். காட்சிக்கு வைப்பதைவிட அவசரமாகக் காப்பாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது, சேர்விடாப்பு. எந்த வருடம் யார் பிள்ளை சேர்ந்தது, தகப்பன் பெயர், பிறந்த திகதி என்று எல்லாம் அதில்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத எத்தனையோ பேருக்கு வயதைக் காட்ட அதுவே ஆதாரமாக இருந்திருக்கிறது. சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் வெள்ளம் வந்த நாளும், கூரை பறந்த நாளும், புதிய ஆசிரியர் வந்த நாளும் இருக்கும். கூரை ஒழுகினால் முதலில் நனைவது இவை இருக்கும் அலுமாரிதான்.

அடுத்தது காணி உறுதி. பல பாடசாலைக் காணிகள் ஊர்ப் பெரியவரோ விகாரையோ பள்ளிவாசலோ தோட்டமோ கொடுத்தவை. 1960, 1961 சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசுக்கு வந்தபோது எந்தக் காணி எப்படி வந்தது என்று காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் திட்டம் போட்டால், வேலை தொடங்கிய பிறகு ஒருவர் பழைய உறுதியோடு வந்து நிற்பார்.

உங்கள் ஊர்ப் பாடசாலையை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், மூடாதே என்று மறியல் செய்வதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். எதைச் செய்தாலும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மூன்று விடயம் கேளுங்கள். திறப்பு எந்தப் பெயருள்ள ஆளிடம் இருக்கும்? வருடம் ஒருமுறை ஓடு மாற்ற யார் பணம் கொடுப்பார்? சேர்விடாப்பு எங்கே போகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை திறப்பை அலுவலகத்துக்கு அனுப்ப விடாதீர்கள்.