அன்னபூரணி கடந்த கடல்

திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியிருக்கும் பிரகதாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்டு, அவ்வம்மையின் தாசர்கள் என்றே தங்களைக் கூறிக்கொண்டவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள். அவர்களுள் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மாது ஒருவரை மணந்தார். அம்மாதை ராணியாக அங்கீகரிக்க ஆங்கில அரசாங்கம் மறுத்துவிட்டது. மன்னர் ராஜ்யத்தைத் துறந்து வெளியேறினார். பிரான்சு தேசத்தில் மத்தியதரைக் கடலோரத்திலுள்ள கான் நகரில் வாழ்ந்து, 1928-இல் பாரிஸில் காலமானார்.

அந்தக் கடல் நெடுங்காலமாகத் தனவந்தர்களின் உல்லாசக் கடல். இன்றோ நடுத்தர வகுப்பினரும் பத்துப் பேராகக் கூடி, பழைய முறையில் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி விடுமுறையைக் கழிக்கிறார்கள். துருக்கி தேசத்துப் போட்ரம் துறைமுகத்தில் இத்தகைய கப்பலுக்குக் 'குலெட்' என்று பெயர். வாடகை வார முறையில் முழுக் கப்பலுக்கும் பேசப்படும். கப்பல் தலைவனும் சமையற்காரனும் மாலுமிகளும் கப்பலோடு சேர்ந்தவர்கள். சாப்பாடும் துறைமுகக் கட்டணமும் வாடகையில் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது விவேகம். பாய் இருந்தாலும் பெரும்பாலும் இயந்திரமே கப்பலைச் செலுத்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வழக்கம் எப்படி வந்தது? 1925-இல் ஒரு கட்டுரை எழுதிய குற்றத்துக்காகப் போட்ரமுக்கு நாடு கடத்தப்பட்ட எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர், அவ்வூரின் மீது மையல் கொண்டார். கடற்பஞ்சு எடுப்போரின் எளிய படகுகளில் நண்பர்களை ஏற்றிக் கரையோரமாகச் சுற்றினார். அதைப் பற்றி எழுதினார். காலப்போக்கில் அதுவே ஒரு பெருந்தொழிலாயிற்று. படகு கட்டும் தச்சர்களுக்கும் பிழைப்புக் கிடைத்தது.

"கடல் கடந்த தேசத்துக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழர் கையால் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று அதே மத்தியதரைக் கடலைக் கடந்து சென்றிருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உருவான அந்தக் கப்பலின் பெயர் அன்னபூரணி. சிறு படகில் உலகைச் சுற்றிப் புகழ்பெற்ற வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1937-இல் வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் அது புறப்பட்டது. ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அட்லாண்டிக் மகாசமுத்திரம் என்று சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. உலகக் கடல்களை நன்கறிந்த ஒருவர், நம்மவர் கட்டிய கப்பலைத் தேடி வாங்கினார் என்றால், அதைவிட நற்சாட்சி வேறென்ன வேண்டும்?

1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, கடல் நம்முடையது என்று நாட்டுக்கு உணர்த்தினார். அவருடைய நீராவிக் கப்பல்கள் புறப்பட்ட தூத்துக்குடியிலேயே தோணிகளும் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. பிற்காலத்தில் அவற்றிலும் இயந்திரம் ஏறியது, பாய் மறைந்தது. பலகையை வளைத்துப் பொருத்தவும், இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் பார்க்கவும் தெரிந்த ஓடாவிகள் அருகிவருகிறார்கள். தந்தை கையைப் பார்த்து மகன் கற்கும் வித்தை அது. ஒரு தலைமுறை விட்டுப்போனால் புத்தகத்தைப் பார்த்து மீட்க முடியாது.

பழந்தொழிலைக் காக்க அதற்கு வேலை கொடுப்பதே வழி என்பதைப் போட்ரம் காட்டியிருக்கிறது. நம் கரையில் ஒரு தோணி மீண்டும் பாய் விரித்து, குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் உலா வரக்கூடாதா? மத்தியதரைக் கடலுக்குப் பொருள் செலவிட்டுப் போகக்கூடியவர்கள் போய் வரட்டும். போகும்போது, அன்னபூரணி கடந்த கடல் இது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறவாதிருக்கட்டும்.