டிராக்டருக்கு இரும்பு பம்பர் அமைக்கும் முறை

புதிதாக டிராக்டர் வாங்கும் குடியானவர்களில் பலர், வண்டி வீடு வந்து சேர்ந்த சில தினங்களுக்குள்ளேயே அதனை அருகிலுள்ள வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிச் சென்று, முன்புறத்தில் கனமான இரும்பு பம்பர் ஒன்றைச் செய்வித்துக்கொண்டு வருகின்றனர். பட்டறைக்காரர் தம் கைவசமுள்ள இரும்பைக் கொண்டும், சொந்தக்காரர் அடுத்த வீட்டு வண்டியில் கண்ட அழகைக் கொண்டும் இது தீர்மானிக்கப்படுகிறதேயன்றி, அந்த வண்டியின் அளவையும் எடையையும் கணக்கிட்டுச் செய்யப்படுவது அரிது. ஆதலின் பம்பர் எதன் பொருட்டு, அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணுகிறேன்.

பம்பரினால் உண்டாகும் நன்மைகள் இரண்டு. முதலாவது, ரேடியேட்டர், முன்விளக்குகள், பானெட்டின் முகப்பு ஆகியவற்றை வரப்பு, மரம், முன்னே நிற்கும் டிரெய்லர் முதலியவற்றின் இடியினின்றும் காப்பது. இதனை எல்லோரும் அறிவர். இரண்டாவது நன்மையே பெரிது. அதனை அறிந்தோர் சிலரே. பின்புறம் கனமான கருவியைத் தூக்கும்போது டிராக்டரின் முன்பாகம் இலேசாகிவிடுகிறது. அவ்விலேசைச் சரிக்கட்ட முன்னால் வைக்கப்படும் எடையாகவும் பம்பர் வேலை செய்கிறது.

இதனை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குவோம். ஒரு டிராக்டரின் மொத்த எடை 1,900 கிலோ என்றும், அதில் முன் சக்கரங்களின்மேல் நிற்பது 700 கிலோ என்றும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.95 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 430 கிலோ எடையுள்ள ரோட்டவேட்டரைப் பூட்டித் தூக்கினால், அதன் எடை பின் அச்சுக்குப் பின்னால் சுமார் 1.2 மீட்டர் தூரத்தில் தொங்கும். 430-ஐ 1.2-ஆல் பெருக்கி 1.95-ஆல் வகுத்தால் 265 வரும். முன் சக்கரங்களிலிருந்து அவ்வளவு கிலோ விலகிப்போயிற்று என்பது பொருள். மீதி 435 கிலோ. திசை திருப்புதல் கையில் நிற்க வேண்டுமானால், டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. இங்கே அது 380 கிலோ. சமதளத்தில் தேறிவிட்டது. ஆனால் நமது வயல்களில் சமதளம் எவ்வளவு தூரம்? 15 பாகை சரிவுள்ள வரப்பில் முகத்தை மேலாக வைத்து ஏறும்போது, எடை மேலும் பின்னோக்கிச் சரிந்து, முன் சக்கரங்களில் 185 கிலோவுக்கு அருகில்தான் மிஞ்சும். அப்பொழுது கிளட்சைச் சடுதியில் விட்டால் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். ஓட்டுபவர் பயந்து ஸ்டீயரிங்கைத் திருப்புவார். வண்டி அதற்குச் செவிசாய்க்காது.

இந்த இடத்தில் பம்பரின் எடை இரட்டைப் பயனுள்ளது. முன் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் அது நிற்பதால், நெம்புகோலைப் போல் தன் எடையைக் காட்டிலும் அதிகமாக முன் சக்கரங்களை அழுத்தும். மேற்சொன்ன வண்டியில் 45 கிலோ பம்பர் 59 கிலோவுக்குச் சமானமாகும். அதன்மேல் 80 கிலோ எடைக்கட்டிகளையும் வைத்தால் மொத்தம் 125 கிலோ, 163 கிலோவின் வேலையைச் செய்யும். அப்படியும் அந்த 15 பாகை வரப்பில் முன் சக்கரங்களுக்குக் கிடைப்பது 330 கிலோ அளவே. 380 கிலோ என்னும் எல்லையை எட்டவில்லை. ஆகவே பம்பர் வைத்துவிட்டோம் என்னும் தைரியத்தில் செங்குத்தான வரப்பை நேர்முகமாக ஏறலாகாது. வரப்பை வெட்டிச் சரிவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அல்லது பின்னோக்கி ஏற வேண்டும்.

எடை அதிகமாயின் நல்லதுதானே என்று கேட்போரும் உண்டு. அன்று. முன் டயர்களுக்கும் முன் அச்சுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. அது வண்டியின் கைப்புத்தகத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மேலும், சேற்றுழவில் முன்பாரம் மிகுந்த வண்டி மூக்கை நட்டுக்கொள்ளும். இக்காரணத்தால், பம்பரையே 120 கிலோவாகச் செய்யாமல், 45 கிலோ அளவில் செய்து, வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது இறக்கத்தக்க எடைக்கட்டிகளுக்கு அதிலே ஒரு தட்டு அமைப்பதே சிலாக்கியம்.

இனி செய்முறை. முதல் வேலை அளவெடுத்தல். டிராக்டரின் முன் அச்சைத் தாங்கி நிற்கும் வார்ப்பிரும்புத் தாங்கியின் முகத்திலும் பக்கங்களிலும் தொழிற்சாலையார் மரையிட்ட துளைகளை விட்டிருப்பர். பம்பர் நிற்க வேண்டிய இடம் அதுவே. கனமான அட்டை ஒன்றை அத்தாங்கியின்மேல் வைத்து அழுத்தி, துளைகளின் குறியை எடுத்து, அட்டையை வெட்டி மாதிரி செய்துகொள்ளவும். இரும்பை வெட்டுமுன் அட்டையை இரண்டு மூன்று முறை வைத்துப் பார்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அட்டை மலிவு.

அளவெடுக்கும்போதே நான்கு விஷயங்களைப் பரீட்சித்தல் அவசியம். ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, சக்கரம் பக்கத் தகட்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். முன் அச்சு நடு ஊசியின்மேல் ஊசலாடுவது. ஆதலால் ஒரு சக்கரத்தின் கீழ் கனத்த மரக்கட்டையைக் கொடுத்து அதனை உயர்த்தியும் அதே பரீட்சையைச் செய்க. பானெட் முழுதும் திறக்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னுள்ள வலையை வெளியே இழுத்துத் தூசியும் பதரும் தட்ட இடம் வேண்டும். நான் பார்த்த பம்பர்களில் பாதிக்குமேல் இக்கடைசிப் பரீட்சையில் தவறியவை. வலையைக் கழற்ற முடியாதாகையால் அதைச் சுத்தம் செய்வதையே விட்டுவிடுவர். பிறகு எஞ்சின் சூடேறுகிறதென்று மெக்கானிக்கை அழைப்பர்.

இரும்பு வகைக்குச் சாதாரண மைல்டு ஸ்டீலே போதும். பக்கத் தகடுகள் இரண்டும் 10 மில்லிமீட்டர் கனத்தில், 60 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உடையவை; இரண்டும் சேர்ந்து 14 கிலோ வரும். குறுக்கே 100 மில்லிமீட்டர் சானல் 90 சென்டிமீட்டர் நீளம்; இது எட்டரைக் கிலோ. எடைத்தட்டுக்கு 8 மில்லிமீட்டர் பிளேட், 70-க்கு 25 சென்டிமீட்டர், 11 கிலோ. ரேடியேட்டரைக் காக்கும் வளைவுக்கு 48 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள கருங்குழாய் 3 மீட்டர், பத்தரைக் கிலோ. கூட்டினால் 44 கிலோ. குழாயின் வளைவு விளக்குகளின் ஒளியையும் பதிவெண் பலகையையும் மறையாதபடி இருக்கட்டும். காற்று புகும் வழியை அடைக்கும் அலங்காரத் தகடுகள், பெயர்ப்பலகைகள், கூரான கொம்புகள் ஆகியவை வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசிய குழாய் துருப்பிடியாது என்று சிலர் அதனை விரும்புவர். பற்றவைக்கும்போது அதிலிருந்து எழும் புகையைச் சுவாசிப்பவருக்குக் குளிர்காய்ச்சல் காணும். கருங்குழாயை வாங்கிச் சாயம் பூசுவதே மேல்.

பற்றவைப்பதைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்குமுன் ஆற்றுப்பாசனக் கிராமம் ஒன்றில், குடியானவர் ஒருவர் தம் டிராக்டருக்குப் பம்பர் வைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு துளைகளின் மரை தேய்ந்திருந்தது. போல்ட் பிடிக்கவில்லை. பட்டறைக்காரர், “ஒரு டாக் வைத்துவிட்டால் அசையாது” என்று கூறிப் பக்கத் தகட்டை வார்ப்பிரும்புத் தாங்கியோடு நேராகவே பற்றவைத்துவிட்டார். அது தகாது என்பது எனக்குத் தெரியும். சந்தைக்குச் செல்லும் அவசரத்தில் வாய் திறவாமல் இருந்துவிட்டேன். வார்ப்பிரும்பைச் சாதாரணக் கம்பியால் பற்றவைத்தால், சூடு ஆறும்போது அவ்விடம் கண்ணாடிபோல் கெட்டித்து, ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். அவ்வெடிப்பு ஐந்து மாதம் வெளியே தெரியவில்லை. நடவுக்குச் சேறடிக்கும் நாளில் தாங்கி இரண்டாய்ப் பிளந்து, டிராக்டர் வயலின் நடுவே மூக்கடித்து விழுந்தது. ஆளுக்கு அபாயமில்லை. புதிய தாங்கி வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் நாற்று முற்றிப்போய்விட்டது. பிறர் வண்டியை வாடகைக்குப் பிடித்து அவர் நட்ட பயிர் அவ்வருஷம் சரியாகத் தூர் கட்டவில்லை. அவர் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் அன்று முதல் இவ்விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஆகவே வார்ப்பிரும்புத் தாங்கியில் பற்றவைத்தலும் ஆகாது. புதுத்துளை போடுதலும் ஆகாது. மரை தேய்ந்திருந்தால் அதனைக் கடைசல் பட்டறையில் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். போல்ட்களின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். 16 மில்லிமீட்டர் போல்ட்டாயின், வார்ப்பிரும்பின் உள்ளே 24 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மரை பிடிக்க வேண்டும். அதாவது விட்டத்தில் ஒன்றரைப் பங்கு.

பாகங்களை முதலில் போல்ட்டில் மாட்டி, மூலைகளில் மட்டும் சிறு பொட்டுகளாகப் பற்றவைத்து, பிறகு பம்பரைக் கழற்றிக் கீழே வைத்தே முழு வேலையையும் செய்யவும். வண்டியிலேயே பொட்டு வைக்க நேர்ந்தால் பாட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிடல் வேண்டும். புதிய டிராக்டர்கள் சிலவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பதால் இதில் அலட்சியம் பெருஞ்செலவில் கொண்டுவிடும். கழற்றியபின் மூலைக்கு மூலை அளந்து இரண்டு குறுக்களவும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்து, ஒரு பக்கமே தொடர்ந்து பற்றவைக்காமல் இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பற்றவைக்க, சட்டம் கோணாது. பத்து மில்லிமீட்டர் தகட்டுக்கு 3.15 மில்லிமீட்டர் கம்பியில் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள மூலைத் தையல் தேவை. மேலே பளபளவென்றிருந்தும் உள்ளே பிடிக்காத தையல்கள் உண்டு. கசடைத் தட்டியெடுத்துவிட்டு, இரு பக்க இரும்பும் உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயின் முனைகளைத் தகட்டால் மூடி, எடைத்தட்டில் நீர் வடியத் துளை விட்டு, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு இரண்டு முறை பூசியபின் சாயம் அடிக்கவும். பத்து மணி நேரம் வேலை செய்தபின் போல்ட்களை மறுபடியும் முறுக்குக.

சேற்றில் புதைந்த வண்டியை முன்னிருந்து இழுக்க ஒரு கொக்கியிடம் தேவை. அதனை மேற்குழாயில் வைப்பது தவறு. குழாய் பிடுங்கிக்கொண்டு வரும். 16 மில்லிமீட்டர் தகட்டில் துளையிட்டு, பக்கத் தகடுகளோடு நேரே சேரும்படி, தாங்கியின் மட்டத்திலேயே தாழ்வாக அமைக்க வேண்டும். சங்கிலி பூட்டி இழுக்கும்போது அதன் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் யாவரும் விலகி நிற்கவும். இழுக்கும் டிராக்டரில் சங்கிலியைப் பின்புறத்து இழுவைச் சட்டத்திலன்றி மேலிணைப்பிலோ அச்சிலோ மாட்டினால், அவ்வண்டி பின்புறமாகக் கவிழும். முன்னால் எவ்வளவு எடை வைத்திருந்தாலும் அதனைத் தடுக்காது.

இப்பொழுது காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்-அப் வண்டிகளுக்கும் இதே மாதிரி முன் பம்பர் செய்யலாமா என்று பலர் கேட்கின்றனர். செய்யலாகாது என்பதே என் விடை. டிராக்டர் மெதுவாகச் செல்லும் யந்திரம்; அதன் முன்தாங்கி எடை வைப்பதற்கென்றே வார்க்கப்பட்டது. பிக்-அப்போ சாலையில் வேகமாக ஓடுவது. மோதும்போது அதன் முன்பாகம் நசுங்கி, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. முன்னால் கடினமான இரும்பை வைத்தால் அந்த அதிர்ச்சி சட்டத்தின் வழியே உள்ளிருப்போரைச் சென்று சேரும். காற்றுப்பை உள்ள வண்டிகளில் அது விரிய வேண்டிய கணமும் தவறக்கூடும். எதிரே நடந்து வருபவர்மேல் பட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில், இவ்வகை முன்தடுப்புகளைப் பொருத்துவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிற்று. 2019-இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றிச் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிக்-அப்பின் பம்பர் உடைந்தால் தொழிற்சாலை பம்பரையே வாங்கி மாட்டவும்.

டிராக்டரும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே. உற்பத்தியாளர் பலர் பம்பரைத் துணைச்சாமானாகத் தாமே விற்கின்றனர். நம் வண்டிக்கு அது கிடைக்குமாயின் அதனையே வாங்குவது உசிதம். கிடையாதபோது பட்டறையில் செய்விக்குமுன், வண்டியின் கைப்புத்தகத்தையும் மேற்சொன்ன அட்டை மாதிரியையும் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளவும். முன் அச்சின் எடையை அறிய விரும்புவோர், சர்க்கரை ஆலையிலோ நெல் மண்டியிலோ உள்ள எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்துப் பார்க்கலாம். ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையில் ஒரு முறையும், இறக்கிய நிலையில் ஒரு முறையும் நிறுத்து, இரண்டு எண்களையும் பானெட்டின் உட்புறம் சாயத்தால் எழுதி வைக்கவும்.