அச்சுக்கூடத்துப் பாஷை

நம் இல்லத்தில் ஒரு விவாகம் நிச்சயமாயிற்று. கல்யாணப் பத்திரிகை அச்சிடுவதற்காக ஓர் அச்சுக்கூடத்தை நாடினோம். அங்கிருந்தவர் மிக்க மரியாதையுடன் நாற்காலி கொடுத்து உட்கார வைத்து, "எத்தனை ஜி.எஸ்.எம்.? சிங்கிள் கலரா, மல்ட்டி கலரா? புரூப் என்றைக்குப் பார்க்கிறீர்கள்?" என்று அடுக்கினார். நாமும் எல்லாம் விளங்கியவர்போல் தலையை ஆட்டி வைத்தோம். அந்தத் தலையாட்டலுக்கு நாம் கொடுத்த விலையை நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராம் கணக்கில். புத்தகத்தின் உட்பக்கங்களுக்கு 60, 70 போதும். விறைப்பான அழைப்பிதழ் அட்டைக்கு 250, 300 வேண்டும். இதில் வில்லங்கம் ஒன்றுமில்லை. வில்லங்கமெல்லாம் 'புரூப்' என்ற சின்னஞ்சிறு சொல்லில் இருக்கிறது.

புரூப் என்பது, பிழை பார்ப்பதற்காக முன்கூட்டி எடுத்துத் தரும் மாதிரி. அதில் "சரி" என்று ஒப்பமிட்டுவிட்டால், பிறகு எஞ்சும் பிழைக்கு ஒப்பமிட்டவரே பொறுப்பு. தொழிலின் வழக்கம் அது. நம் வீட்டில் புரூப் வந்த அன்று பெரியவர்கள் பலரும் கூடிப் பார்த்தார்கள். பெரியப்பாவின் பெயர் சித்தப்பாவின் பெயருக்கு மேலே இருக்கிறதா, அத்திம்பேரின் பட்டம் விடுபடாமல் இருக்கிறதா என்பதிலேயே மாலைப்பொழுது கழிந்தது. தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒப்பமிட்டோம். 500 பிரதிகளும் வந்து இறங்கியபின், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்!

அச்சுத் தொழிலில் பழகியவர்கள் இப்படிப் பார்ப்பதில்லை. ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் புரூபில் எழுத்தெழுத்தாய்ச் சரிபார்ப்பார். எண்களைத் தனியாக ஒருமுறை பார்ப்பார்கள்.

மறுபடியும் 500 எதற்கு, 200 போதும், செலவில் பாதிக்கு மேல் மிச்சம் என்று கணக்கிட்டுக்கொண்டு போனோம். அச்சுக்கூடத்தார் சிரித்துக்கொண்டே "பிளேட் புதிதாய்ப் போடவேண்டுமே" என்றார். ஆப்செட் முறையில் வர்ணத்துக்கு ஒரு மெல்லிய அலுமினியத் தகடு வேண்டும். அதுதான் பிளேட், மல்ட்டி கலர் என்றால் நான்கு. தகட்டிலுள்ள உருவம் நேரே காகிதத்தில் பதிவதில்லை. ரப்பர் விரிப்பொன்றில் பதிந்து, அதிலிருந்து காகிதத்துக்கு மாறுகிறது. எண்ணெய் மையும் நீரும் ஒட்டாது என்ற தத்துவத்தை வைத்து, பவேரியாவில் செனஃபெல்டர் என்பவர் 1796-ஆம் ஆண்டையொட்டிக் கண்ட கல்லச்சின் வழித்தோன்றலே இது. தகடுகளைப் பொருத்தி, மையையும் நீரையும் அளவாக்கி, நான்கு வர்ணங்களும் ஒன்றன்மேலொன்று பிசகாமல் விழும்வரை எத்தனையோ தாள்கள் வீணாகும். முதல் நல்ல பிரதி வருமுன்பே செலவில் பெரும்பகுதி ஆகிவிடுகிறது. ஆகவே 200-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை. சொற்பப் பிரதிகளுக்குப் பிளேட் இல்லாத டிஜிட்டல் அச்சு உண்டென்பதை அன்று கேட்கத் தெரியவில்லை.

அந்த நான்கு வர்ணங்கள் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. கைபேசித் திரையோ சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் ஆனது. திரையில் கண்ட குங்குமச் சிவப்பு அட்டையில் மங்கித் தோன்றுவது இதனால்தான். அச்சுக்கூடத்தாரைக் கோபித்துப் பயனில்லை.

சஷ்டியப்தபூர்த்தி மலர் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பாரம்' என்பது ஈய எழுத்துக்களை இரும்புச் சட்டத்தில் இறுக்கி அச்சிட்ட காலத்துச் சொல். ஈயம் போய்விட்டது, சொல் போகவில்லை. ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி, பெரும்பாலும் 16 பக்கம், ஒரு பாரம். 128 பக்கமென்றால் எட்டுப் பாரம். மாமாவின் வாழ்த்துக் கவிதைக்காக இரண்டு பக்கம் கூட்டினால், அந்த இரண்டுக்காகத் தனியாய் அச்சும் காகிதமும் தேட வேண்டிவரும். கவிதையைச் சுருக்கச் சொல்வது சிக்கனம். சொல்லும் தைரியம் வேண்டும்.

இரண்டாவது புரூப் வந்ததும் அதை முதலில் அந்தச் சிறுமியிடமே கொடுத்தோம். மண்டபம் இருக்கும் தெருவின் பெயரில் ஒரு கால் விடுபட்டிருப்பதை அவள் கண்டுபிடித்தாள்.