காந்தலூர் போகும் முன் செல்போன் பேட்டரியைக் கொஞ்சம் பாருங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் சங்கக் குடும்பங்கள் பல, இப்போது உடுமலைப்பேட்டை வழியாகக் காந்தலூருக்கும் ஒரு நடை போய் வருகின்றன. இடுக்கி மாவட்டம்தான் என்றாலும் அங்கே நம் தமிழ் காதில் விழும். ஆப்பிள் மரம், மலைப்பூண்டு, மறையூர் வெல்லம், கற்திட்டைகள் எனக் குழந்தைகளுக்குக் காட்ட நிறைய உண்டு. புறப்படும் முன் பலரும் என்னிடம் கேட்பது, "மலைக்கு எந்த போன் நல்லது?" என்பதுதான். ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த வருடம் அது கடையிலேயே இருக்காது. எதைப் பார்த்து வாங்குவது என்பதைச் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் 5000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும். அது தொட்டியின் கொள்ளளவு மட்டுமே. குழாய் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அது சொல்லாது. வீட்டில் இரவு வரை தாங்கும் அதே போன், சின்னார் காட்டுப் பாதையில் மத்தியானத்துக்குள் பாதிக்கு வந்துவிடும். காரணம் திரை மட்டுமல்ல. கோபுரம் தூரத்தில் இருந்தால், போன் தன் குரலை உயர்த்திக் கத்த வேண்டியிருக்கிறது. சிக்னலே இல்லாவிட்டால் விடாமல் தேடிக்கொண்டே இருக்கிறது. மலைப் பயணத்தில் பேட்டரியைக் குடிப்பது பெரும்பாலும் இந்தத் தேடல்தான்.

எனவே சின்னார் சோதனைச் சாவடி தாண்டியதும் போனை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். படம் எடுக்கலாம், வரைபடமும் பார்க்கலாம். ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள் அனுப்புவதைக் கேட்பது மட்டுமே. அதற்குக் கோபுரம் வேண்டாம். முதல் தடவை இடம் கண்டுபிடிக்கச் சில நிமிடம் எடுக்கும், அவ்வளவுதான். ஆனால் உடுமலை, மறையூர், மூணாறு பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருக்க வேண்டும். காட்டுக்குள் போய் நின்றுகொண்டு இறக்கப் பார்த்தால் நடக்காது.

குளிரும் ஒரு விஷயம். மார்கழி, தையில் காந்தலூர் விடியற்காலை நடுக்கும். லித்தியம் அயான் பேட்டரிக்குள் நடப்பது இரசாயன வேலை. குளிரில் அது மந்தமாகிவிடும். 30 சதவீதம் காட்டிய போன் திடீரென்று அணைந்துபோவது இதனால்தான். பழைய பேட்டரியில் இது இன்னும் மோசம். இரவில் சட்டைப் பைக்குள்ளோ கம்பளிக்கு அடியிலோ வைத்துக்கொண்டாலே போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இவைதான். 5000க்குக் குறையாத கொள்ளளவு வேண்டும். சிலிக்கான்-கார்பன் வகை பேட்டரி வந்தபின் 7000 வரை உள்ள போன்களும் அதிகக் கனமின்றிக் கிடைக்கின்றன. வேகமாகச் சார்ஜ் ஏறும் வசதியை ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். மின்வெட்டுக்கு நடுவே கிடைக்கும் அரை மணி நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன்.

வெளிநாட்டில் வாங்கிய போனை எடுத்துப்போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது இந்திய அலைவரிசைகளை ஏற்குமா? எடுத்துக்காட்டாக, ஜியோவின் 4ஜி சேவை 3, 5, 40 என்ற பட்டைகளில் வருகிறது. இதில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ்; தாழ்ந்த அலைவரிசை என்பதால் மலைமடிப்புகளில் சற்று அதிக தூரம் எட்டும். உங்கள் போனில் அந்தப் பட்டை இல்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்க நீங்கள் வெறுமனே தேடிக்கொண்டிருப்பீர்கள், பேட்டரியும் வீணாகும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 முதலானவற்றில் சிம் அட்டை போடும் இடமே கிடையாது என்பதையும் நினைவில் கொள்க.

பவர் பாங்க்கில் ஒரு சின்னக் கணக்கு. 10,000 என்று எழுதியிருந்தால் 5000 போனை இரண்டு தடவை நிரப்பும் என்று நினைப்போம். உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட். அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். ஏறக்குறைய ஒன்றரைத் தடவை நிரப்பினாலே நல்ல சரக்கு. விமானத்தில் இதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. 100 வாட் மணி வரை சாதாரணமாக அனுமதி உண்டு, 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட் மணி.

இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மண்சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலானோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆகிவிட்டது. கோபுரமும் மின்சாரத்தில்தான் நிற்கிறது; அதன் பேட்டரி தீர்ந்தால் நம் கையில் உள்ள 7000த்துக்கும் வேலை இல்லை. ஆகவே வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கீழே ஒருவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். பெருமழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்; ஆப்பிள் அடுத்த வருடமும் காய்க்கும்.

அவசரத்துக்கு 112. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் பெரும்பாலும் இந்த அழைப்பு போகும். அதற்காகவாவது ஆளுக்கொரு போனில் 20 சதவீதம் மிச்சம் வையுங்கள். மலையேறும் பழக்கமுள்ள நம் இளைஞர்கள் சிலர் செயற்கைக்கோள் போன் வைத்திருக்கிறார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் போன்களைக் கொண்டு வருவது குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.